கெட்டவனாக இருக்க யாருக்கு உரிமை?

"இதைப் படிச்சுட்டுச் சிரிக்காதவன் மனுசனே இல்ல" என்று சொல்லித்தான் அந்த நாவலை என் கையில் கொடுத்தார் ஒரு பேராசிரியர். நான் விடுதியில் தங்கி முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். புத்தகத்தின் பெயர் 'எ கான்ஃபெடரசி ஆஃப் டன்ஸஸ்'. முட்டாள்களின் கூட்டணி என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். எழுதியவர் ஜான் கென்னடி டூல் என்ற அமெரிக்க வெள்ளையர். பொங்கல் விடுமுறையில் ஊருக்குப் போய், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வீட்டு வாசலில் உட்கார்ந்து படித்தேன். பொய் சொல்ல மாட்டேன். வயிறு வலிக்கச் சிரித்தேன்.

எங்க ஆயா முறத்தில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தது. "இன்னாடா தனியா சிரிச்சிக்கினு கெடக்கற, காத்து கருப்பு அடிச்சிடுச்சா?" என்று கேட்டது. நான் கதையைச் சொன்னேன். முப்பது வயசு ஆளு ஒருத்தன், பெருத்த உடம்பு, எம்.ஏ. படிச்சவன், வேலைக்குப் போகாமல் விதவைத் தாயின் காசில் தின்கிறான், ஊரில் இருக்கிற எல்லாரையும் திட்டுகிறான், இதுதான் கதை என்றேன். ஆயா புடைப்பதை நிறுத்தவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டது.

"வேல வெட்டிக்குப் போவாம குந்திக்கினு துன்றானே, அவன் இன்னா சாதி?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கான பதில். எழுத எனக்கு இருபது வருசத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆயாவும் போய்ச் சேர்ந்துவிட்டது.

முதலில் புத்தகத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன். டூல் 1937ல் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் பிறந்தவர். அமெரிக்க ராணுவத்தில் இருந்தபோது, புவேர்ட்டோ ரிக்கோ தீவில் ஸ்பானிய மொழி பேசும் சிப்பாய்களுக்கு ஆங்கிலம் கற்பித்துக்கொண்டே 1963ல் இந்த நாவலை எழுதினார். ஒரு பெரிய பதிப்பகத்தோடு திருத்தம், மறுபடி திருத்தம் என்று கடிதப் போக்குவரத்து நடந்தது. புத்தகம் வரவில்லை. 1969ல் தன் 31வது வயதில் தற்கொலை செய்துகொண்டார். அவருடைய அம்மா தெல்மா அந்தத் தட்டச்சுப் பிரதியைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். வாக்கர் பெர்சி என்ற எழுத்தாளரை விடாமல் துரத்திப் படிக்க வைத்தார். 1980ல் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. 1981ல் புலிட்சர் பரிசு கிடைத்தது. தாயைச் சுரண்டித் தின்னும் ஒரு மகனைப் பற்றிய நாவலை, செத்துப்போன மகனுக்காக ஒரு தாய் சுமந்து கரை சேர்த்தாள். அந்தத் தாய்க்கு என் வணக்கம். அவள் மகன் திறமைசாலி என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. என் வழக்கு வேறு.

கதாநாயகன் பெயர் இக்னேஷியஸ் ரெய்லி. காதை மூடும் பச்சைத் தொப்பி. எந்நேரமும் ஏப்பம். வயிற்றில் ஏதோ வால்வு மூடிக்கொள்கிறதாம், யாராவது வேலைக்குப் போகச் சொன்னால் அது உடனே மூடிக்கொள்ளும். படுக்கையில் கிடந்தபடி நோட்டுப் புத்தகம் நோட்டுப் புத்தகமாக உலகத்தின் மேல் குற்றப் பத்திரிகை எழுதுகிறான். சினிமாவுக்குப் போய்த் திரையைப் பார்த்துக் கத்துகிறான். ஹாட் டாக் விற்கத் தள்ளுவண்டி கொடுத்தால் விற்காமல் அவனே தின்றுவிடுகிறான். பொய் சொல்கிறான். காட்டிக்கொடுக்கிறான். பெற்ற தாயை மிரட்டுகிறான். அவனுடைய தத்துவம் என்ன? நவீன காலம் கெட்டுப்போய்விட்டது, ஐரோப்பாவின் மத்திய காலம்தான் பொற்காலம், அரசன் வேண்டும், ஒழுங்கு வேண்டும்.

இந்தக் குரல் நமக்குப் பழக்கமான குரல் இல்லையா? "அந்தக் காலத்துல எல்லாம் அது அது வச்ச எடத்துல இருந்துச்சு" என்று திண்ணையில் சாய்ந்துகொண்டு சொல்லும் குரலை நாம் எல்லா ஊரிலும் கேட்டிருக்கிறோம். வச்ச இடத்தில் இருந்த 'அது' நாம்தான். எவனுக்கெல்லாம் அந்தக் காலம் பொற்காலமோ அவன் உட்கார்ந்து சாப்பிட்டவன் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

விமர்சகர்கள் சொல்கிறார்கள்: இப்படி ஒரு அருவருப்பான ஆளைக் கதாநாயகனாக வைத்து நம்மைச் சிரிக்க வைத்ததுதான் டூலின் சாதனை. சரி, ஒத்துக்கொள்கிறேன். நியூ ஆர்லியன்ஸில் கால்வாய்த் தெருவில், நாவல் தொடங்குகிற பழைய துணிக்கடையின் கடிகாரத்தடியில், இக்னேஷியஸுக்கு வெண்கலச் சிலையே வைத்தார்கள். ஒரு சோம்பேறிக்கு, ஒரு பொய்யனுக்குச் சிலை. சிரித்துக்கொண்டே வைத்த சிலை.

அந்தக் கடிகாரத்தடியில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். நாவலின் முதல் காட்சி. அம்மாவுக்காகக் காத்துக்கொண்டிருக்கும் இக்னேஷியஸை ஒரு போலீஸ்காரர் சந்தேகப்பட்டு விசாரிக்கிறார். அடையாளம் கேட்கிறார், வேலை கேட்கிறார். உடனே கூட்டம் கூடுகிறது. ஒரு கிழவர் போலீஸ்காரரைத் திட்டுகிறார். தாய் ஓடி வருகிறாள். இக்னேஷியஸ் சத்தம் போடுகிறான், தப்பித்துப் போய்விடுகிறான். கைதானது அவனுக்காக வாய் திறந்த கிழவர். நாமும் சிரிக்கிறோம்.

அந்தக் கிழவரைக் கொண்டுபோய் உட்கார வைத்த காவல் நிலையத்தில் பக்கத்தில் இன்னொருவன் உட்கார்ந்திருக்கிறான். கறுப்புக் கண்ணாடி. வாயில் சிகரெட். முகத்தை மறைக்கும் புகை. பெயர் ஜோன்ஸ், பர்மா ஜோன்ஸ். கறுப்பினத்தவன். அவன் செய்த குற்றம்? வுல்வொர்த் கடையில் சும்மா நின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் நின்ற எவனோ ஒரு பொட்டலம் முந்திரிக்கொட்டையைத் திருடிவிட்டான். பிடிபட்டது ஜோன்ஸ். அவனுக்காகக் கூட்டம் கூடவில்லை. எந்தக் கிழவரும் குரல் கொடுக்கவில்லை. கடைசியில் அவனிடம் சொல்லி அனுப்புகிறார்கள்: சீக்கிரம் ஒரு வேலையில் சேர், இல்லையென்றால் வேலையில்லாமல் திரிந்த குற்றத்துக்காக உள்ளே போவாய்.

ஆயாவின் கேள்வி இப்போது புரிகிறதா? ஒரே நகரம். ஒரே காலம். இரண்டு பேருக்கும் வேலை இல்லை. ஒருவன் வேலை செய்யாதது நகைச்சுவை. இன்னொருவன் வேலை செய்யாதது குற்றம்.

இது டூல் கற்பனை செய்தது இல்லை. 1865ல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்த கையோடு தென்மாநிலங்கள் கறுப்பர்களுக்கென்று தனிச் சட்டங்களைக் கொண்டுவந்தன. வேலையில்லாமல் திரிந்தால் குற்றம், அபராதம். அபராதம் கட்ட முடியாவிட்டால், கட்டுகிற வெள்ளைக்காரனிடம் போய் உழைக்க வேண்டும். விடுதலையான அடிமையை மறுபடி அதே பருத்திக் காட்டுக்கு இழுத்துவரும் கயிறு அது. தனிச் சட்டங்கள் போன பிறகும், திரிவது குற்றம் என்ற சட்டம் பொதுச் சட்டம் என்ற பெயரில் நூறு வருசம் நின்றது. 1972ல்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அப்படிப்பட்ட ஒரு சட்டத்தைச் செல்லாது என்று அடித்தது. இங்கேயும் 1871ல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம், பிறப்பைப் பார்த்தே ஆளைக் குற்றவாளி ஆக்கியது. 1952ல்தான் அது போனது. சும்மா நிற்பதற்குக்கூடச் சாதி பார்த்த நாடுகள் இரண்டும்.

இன்னொன்றும் உண்டு. ஜோன்ஸைப் பிடித்த அந்தக் கடையின் பெயரைக் கவனியுங்கள். 1960 செப்டம்பரில் அதே நியூ ஆர்லியன்ஸில், கால்வாய்த் தெரு வுல்வொர்த் கடையில், வெள்ளையருக்கு மட்டும் என்று ஒதுக்கிய உணவு மேசையில் கறுப்பு இளைஞர்களும் வெள்ளை இளைஞர்களும் சேர்ந்து உட்கார்ந்து போராடிக் கைதானார்கள். அதே வருசம் நவம்பரில் ரூபி பிரிட்ஜஸ் என்ற ஆறு வயசுக் கறுப்புச் சிறுமி, வெள்ளையர் பள்ளிக்கூடத்துக்குப் போலீஸ் காவலோடு நடந்து போனாள். வழியெல்லாம் வெள்ளைக் கூட்டம் நின்று கத்தியது. இக்னேஷியஸ் ஏப்பம் விட்டுக்கொண்டு திரிந்த தெருக்கள் இவைதான். நாவலில் அந்தக் குழந்தையின் காலடிச் சத்தம் கேட்காது. ஒரு பொட்டலம் முந்திரிக்கொட்டை மட்டும் இருக்கிறது.

ஜோன்ஸுக்கு வேலை கிடைக்கிறது. 'நைட் ஆஃப் ஜாய்' என்ற சாராயக் கடையில் பெருக்கித் துடைக்கும் வேலை. வாரத்துக்கு 20 டாலர். வாரம் 40 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் மணிக்கு அரை டாலர் வருகிறது. அப்போது அமெரிக்க நடுவண் அரசின் குறைந்தபட்சக் கூலி, 1961 முதல் மணிக்கு 1.15 டாலர். அந்தச் சட்டம் சின்னக் கடைகளைத் தொடவில்லை என்பது தனிக் கதை. முதலாளியம்மாவுக்குத் தெரியும், இவன் வேலையை விட்டால் போலீஸ் பிடிக்கும் என்று. அவனுக்கும் தெரியும், அவளுக்குத் தெரியும் என்று. போலீசும் முதலாளியும் சேர்ந்து ஒரு மனுசனை எப்படிப் பண்ணையாளாக ஆக்குகிறார்கள் என்பதைப் பத்துப் பக்கத்தில் டூல் காட்டிவிடுகிறார். இதை எழுதியதற்காக அவரைப் பாராட்டுகிறேன். நாவலிலேயே உலகம் எப்படி நடக்கிறது என்று முழுசாகத் தெரிந்தவன் ஜோன்ஸ் ஒருவன்தான்.

அவன் என்ன செய்கிறான்? குனிந்து பெருக்குகிறான். பெருக்கிக்கொண்டே முதலாளியம்மாவின் ரகசியத்தைத் தோண்டுகிறான். தூசியைக் கிளப்பிவிட்டு எகத்தாளமாகப் பேசுகிறான். துடைப்பம் அவன் கையில் இருக்கிறது, வாய் முழுக்கக் குண்டூசி. நம்ம சேரியில் இதற்குக் குசும்பு என்று பெயர். அடிக்க முடியாதவன் சிரித்தே அடிக்கும் அடி.

என் கோபம் இங்கேதான் தொடங்குகிறது. இக்னேஷியஸ் எழுதிக் குவிக்கும் நோட்டுப் புத்தகங்களை டூல் நமக்குப் பக்கம் பக்கமாகப் படிக்கக் கொடுக்கிறார். ஜோன்ஸுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் கிடையாது. அவனுடைய பேச்சு மட்டும் உண்டு. அதுவும் உச்சரிப்பு நசுங்கிய எழுத்தில். முகமோ புகைக்குப் பின்னால். ஒருவனுக்கு மூளை, வயிறு, நோய், கனவு, தாய், காதலி. இன்னொருவனுக்கு வாய் மட்டும். அதனால்தான் எல்லாருக்கும் ஜோன்ஸைப் பிடிக்கிறது. பிடித்தாக வேண்டியவன் அவன். அவன் மட்டும் இக்னேஷியஸ் மாதிரி தாயை மிரட்டியிருந்தால், தள்ளுவண்டிச் சரக்கைத் தின்றிருந்தால், சிரித்திருப்பார்களா? "பார்த்தீங்களா, இவனுங்க புத்தி" என்றிருப்பார்கள்.

நாவலில் ஒரு பேண்ட் தொழிற்சாலை வருகிறது. இக்னேஷியஸ் அங்கே குமாஸ்தா. கோப்புகளைக் குப்பையில் போட்டு 'ஒழுங்கு' செய்கிறான். அங்கே அற்பக் கூலிக்கு உழைக்கும் கறுப்புத் தொழிலாளிகளைப் பார்த்ததும் அவனுக்குப் புரட்சி வந்துவிடுகிறது. தன் படுக்கை விரிப்பை, கறைகூடப் போகாத விரிப்பை, பதாகையாக்கி அவர்களைத் திரட்டுகிறான். எதற்கு? நியூயார்க்கில் இருக்கும் தோழி ஒருத்தியிடம் பீற்றிக்கொள்ள. கடைசியில், யாருக்கும் தீங்கு செய்யாத அலுவலக மேலாளரை அடியுங்கள் என்கிறான். தொழிலாளிகள் நின்று பார்த்துவிட்டு, நாங்க இதுக்கு வரலப்பா என்று திரும்பிவிடுகிறார்கள்.

தோழர்களே, இதைப் படித்தபோது நான் சிரிக்கவில்லை. நம்முடைய கூலியை, நம்முடைய காயத்தைத் தன் அழுக்குத் துணியில் எழுதிக் கொடியாகப் பிடித்தவர்களை நாம் பார்க்காதவர்களா? அவர்களுக்கு அது ஒரு நாள் கூத்து. அடியும் வழக்கும் நமக்கு. அந்தத் தொழிலாளிகளுக்கு நாவலில் பெரும்பாலும் பெயர்கூட இல்லை. ஆனால் அவர்கள் திரும்பிப் போன அந்த ஒரு நிமிசத்தில் இருக்கிற அரசியல் அறிவு, இக்னேஷியஸின் நோட்டுப் புத்தகம் எதிலும் இல்லை.

முடிவையும் பாருங்கள். இக்னேஷியஸைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஏற்பாடு நடக்கும்போது அந்த நியூயார்க் தோழி வந்து காரில் ஏற்றிக்கொண்டு போய்விடுகிறாள். செய்த எதற்கும் அவன் பதில் சொல்லவில்லை. ஜோன்ஸுக்கு? பேண்ட் கம்பெனி முதலாளி அவனுக்கு ஒரு விருது கொடுக்கலாம் என்று யோசிக்கிறார். கெட்டவன் தப்பித்துப் போகிறான், நல்லவன் முதலாளியிடம் நன்னடத்தைச் சான்றிதழ் வாங்குகிறான்.

எங்கேயோ அமெரிக்காவில் நடந்ததற்கு இங்கே ஏன் கத்துகிறாய் என்று கேட்கலாம். 1966ல் அங்கே கறுஞ்சிறுத்தைகள் எழுந்தார்கள், 1972ல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் கதையில் நம் முகத்தைப் பார்க்கும் பழக்கம் நமக்குப் புதுசு இல்லை. அதோடு, எனக்குச் சொந்தக் கதை ஒன்றும் இருக்கிறது.

என் சித்தப்பாவைப் பற்றி ஒரு கதை எழுதினேன். சித்தப்பா பெரிய பொய்யன். ஒரே ஆட்டை இரண்டு பேருக்கு விற்றவர். குடிப்பார். கடன் வாங்கினால் கொடுத்தவனையே வட்டி கேட்பார். அறுப்புக்கு ஆண்டை கூப்பிட்டு அனுப்பினால் கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கொண்டு, "ஆண்டே, ஒடம்பு உங்களுதுதான். ஆனா இன்னிக்கி அது எங்கூட வர மாட்டேங்குது" என்பார். சித்தி அடிக்கடி அழும். நல்ல மனுசன் என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

கதையை ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். ஆசிரியர் திருப்பி அனுப்பினார். "பாத்திரத்தின் மேல் இரக்கம் வரவில்லை. அவர் அனுபவித்த கொடுமைகளைச் சேர்த்து எழுதுங்கள்" என்று குறிப்பு. அதாவது, சேரிக்காரன் கதையில் வர வேண்டுமென்றால் முதலில் அடி வாங்கிவிட்டு வர வேண்டும்.

அது பரவாயில்லை, எதிர்பார்த்ததுதான். நம் தோழர்கள் கூடிய ஒரு கூட்டத்தில் அதே கதையை வாசித்தேன். ஒரு தோழர் எழுந்து, "ஏற்கெனவே அவனுங்க நம்மள சோம்பேறி, குடிகாரன்னு சொல்லிக்கினு கெடக்கறானுங்க. நீயும் அதையே எழுதிக் குடுக்கறியா?" என்று கேட்டார். அரங்கமே கை தட்டியது. நான் பதில் பேசாமல் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தத் தோழரின் கோபம் பொய்யான கோபம் இல்லை. சினிமாவில் நம்மைக் குடிகாரனாக, கோமாளியாக, அடியாளாகக் காட்டிக் காட்டிச் சிரித்திருக்கிறார்கள். அந்தச் சிரிப்பின் எச்சில் நம் மேல் இன்னும் காயவில்லை. அதனால் அவருக்கு மரியாதையோடுதான் இன்றைக்குப் பதில் சொல்கிறேன்.

தோழர், அவர்கள் காட்டும் குடிகாரனுக்கும் என் சித்தப்பாவுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அவர்களுடைய குடிகாரன் இரண்டு நிமிசம் வந்து விழுந்துவிட்டுப் போய்விடுவான். அவன் என்ன நினைத்தான் என்று யாரும் கேட்பதில்லை. இக்னேஷியஸுக்குக் கிடைத்தது வேறு. நானூறு பக்கம் கிடைத்தது. அவனுடைய அற்பத்தனத்துக்குள்ளே ஒரு மூளை வேலை செய்வதை உட்கார்ந்து பார்க்கும் பொறுமை கிடைத்தது. அவன் ஒருவன் சோம்பேறியாக இருந்ததால் வெள்ளையர் எல்லாரும் சோம்பேறிகள் என்று எவனும் சொல்லவில்லை. அதுதான் சாதி கொடுக்கும் சொத்து. தன் தப்பு தன்னோடு நின்றுவிடும். நம்மில் ஒருவன் தப்பு செய்தால் அது தெருவுக்கே எழுதப்படும். அந்தச் சொத்தைத்தான் நான் கேட்கிறேன். என் சித்தப்பாவின் பொய் என் சித்தப்பாவின் பொய்யாக மட்டும் இருக்க வேண்டும்.

நல்லவனாக மட்டுமே நம்மை எழுத வேண்டும் என்பது அவர்கள் போட்ட நிபந்தனை. தெரியாமல் நாம் அதில் கையெழுத்துப் போடுகிறோம். தீண்டாமை ஒழிய வேண்டும் என்பது நாம் உத்தமர்கள் என்பதாலா? 1989ம் வருசத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், அடிபட்டவன் ஒழுக்கமானவனா என்று கேட்கச் சொல்லவில்லை. காவல் நிலையத்தில்தான் கேட்கிறார்கள். "நீ குடிச்சிருந்தியா? நீ என்ன பேசின?" இலக்கியமும் அதே கேள்வியைக் கேட்டால், இலக்கியத்துக்கும் காவல் நிலையத்துக்கும் என்ன வித்தியாசம்?

வழி இல்லாமல் இல்லை. பாமா 1996லேயே 'கிசும்புக்காரன்' என்று ஒரு தொகுப்புக்குப் பெயர் வைத்தார். ராஜ் கௌதமன் 2002ல் 'சிலுவைராஜ் சரித்திரம்' எழுதியபோது தன் மேலேயே எகத்தாளம் செய்துகொண்டார், புனிதப்படுத்திக்கொள்ளவில்லை. அமெரிக்காவில் 2015ல் பால் பீட்டி என்ற கறுப்பின எழுத்தாளர் 'தி செல்அவுட்' எழுதினார். அதில் கதை சொல்லும் கறுப்பன், தன் ஊரில் இனப் பிரிவினையைத் திரும்பக் கொண்டுவருகிறான், அடிமை ஒருவனை வைத்துக்கொள்கிறான், உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போகிறது. படிக்கிற எவனும் நிம்மதியாகச் சிரிக்க முடியாது. யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்ற பயம் ஒவ்வொரு வரியிலும் தொண்டையில் நிற்கும். 2016ல் அதற்குப் புக்கர் பரிசு கிடைத்தது. பரிசைவிட எனக்கு அந்தப் பயம்தான் முக்கியம். ஜோன்ஸ் கடைசியில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிவிட்டான் என்று எனக்குத் தோன்றியது.

ஆயா, அவன் வெள்ளைச் சாதி. அதனால்தான் குந்திக்கினு துன்ன முடிந்தது. அவனைப் போலீஸ் பிடிக்க வந்தபோது ஊர் கூடியது. உன் பிள்ளையும்தான் குந்திக்கினு தின்றார். அவரை அறுப்புக்கு வரவில்லை என்று ஆண்டை வீட்டுப் புளியமரத்தில் கட்டி வைத்தபோது ஒரு நாதியும் கேட்கவில்லை. இதை நான் கதையில் எழுதவில்லை. எழுதியிருந்தால் அந்த ஆசிரியர் போட்டிருப்பார். அவருக்கு வேண்டிய இரக்கம் அந்த மரத்தடியில் நிறைய இருக்கிறது. கட்டு அவிழ்த்ததும் சித்தப்பா நேராக ஆண்டையிடமே போய், கயிறு நல்ல கயிறு, ஆட்டுக்கு ஆகும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். வாங்கி வந்த கயிற்றை அன்று ராத்திரியே விற்றுக் குடித்தார். கட்டிய கதை கதையில் இல்லை, கயிற்றை விற்ற கதை மட்டும் இருக்கிறது.

அது அப்படியேதான் இருக்கும். ஒரு வரி மாற்ற மாட்டேன்.